பெரியவர் உட்கார்ந்து பார்த்த லாரிகள்

லாரிக்கு பாடி கட்டுகிற தொழிலில் எல்லாரும் நின்றுகொண்டுதான் வேலை பார்ப்பார்கள்; எங்கள் பட்டறையில் உட்காருவதையே வேலையாகப் பார்த்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் எங்கள் பெரிய முதலாளி. நாமக்கல் பக்கம் லாரி வந்தால் ஊரே ஓடிவந்து வேடிக்கை பார்த்த காலத்தில், ஒரு கீற்றுக் கொட்டகையில் முதல் பாடியைக் கட்டியவர். பிற்பாடு பஸ், டிரெய்லர், போர் போடுகிற ரிக் வண்டி என்று அந்தக் கொட்டகை பெரிய தொழிற்சாலையாகிவிட்டது. இன்னொருவன் நான், சீட் தைக்கும் பிரிவில் மேஸ்திரி. புது வண்டி டெலிவரி கொடுக்கிற இடத்தில் நின்று பேச்சு வாங்கிய புண்ணியவான்கள் யாராவது இதைப் படித்தால், என் பாடு அவர்களுக்குப் புரியும்.

ஆணி

பெயிண்ட் காய்ந்ததும் பெரியவர் கேபினில் ஏறி, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்வார். கால் மணி நேரம். அதுவரை சாவி யார் கைக்கும் போகாது. பட்டறையில் ஒரு சுத்தியல் சத்தம்கூடக் கேட்காது. முதலாளி மேல் என்ன ஒரு மரியாதை என்று நான் வியந்துபோனேன்.

நான் சேர்ந்த வாரம், ராசிபுரத்துக்காரர் ஒருவர் குடும்பத்தோடு வண்டி எடுக்க வந்தார். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. ராகு காலம் பிறக்க ஐந்து நிமிஷம்தான் இருக்கிறது. பெரியவர் இறங்குகிற வழியைக் காணோம். ராசிபுரத்துக்காரர் என்னைப் பிடித்துத் திட்ட ஆரம்பித்தார். வேறு வழியில்லாமல் போய்க் கதவைத் தட்டினேன். எங்கேயோ தூரதேசம் போய்த் திரும்பியவர் மாதிரி பெரியவர் மெல்ல இறங்கினார். "ஏனுங்க, டிரைவரு வேர்வைச் சட்டையக் கழட்டுனா எங்கீங்க மாட்டுவாரு?" என்றார். ராசிபுரத்துக்காரர் தானே ஏறி உள்ளே சுற்றிலும் பார்த்தார். இறங்கி வந்து சொன்னார்: "ராகு காலம் வந்தா வந்துட்டுப் போகுதுங்க. ஆணி அடிச்சே குடுங்க."

மழை

ஒரு சித்திரை மாத உச்சிவெயிலில் பெரியவர் சட்டைக் கையை உதறிக்கொண்டே இறங்கினார். "நாக்பூர் தாண்டி நல்ல மழைங்க. இடது கண்ணாடி ஒழுகுது" என்றார். வண்டியோ பட்டறையை விட்டு ஓரடி நகரவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு, வெல்டர் பழனியப்பனை உள்ளே உட்காரவைத்து, வெளியிலிருந்து குழாயில் தண்ணீர் அடித்தோம். இடது கண்ணாடி ஓரமாகத் தண்ணீர் வழிந்து அவர் மடியில் விழுந்தது. எனக்கு மேலெல்லாம் புல்லரித்துவிட்டது. பழனியப்பன் வேட்டியைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "மழை பேஞ்சது அவருக்குங்க, நனைஞ்சது நானு."

லைசன்ஸ்

முட்டி வலியால் ஏற முடியாமல் போனதும் பெரியவர் என்னைக் கூப்பிட்டார். "இனி நீ உக்காரு சாமி" என்றார். சைக்கிளுக்கு மேல் எதையும் ஓட்டி அறியாதவன் நான். மறைக்க மனமில்லாமல், "எனக்கு லாரி ஓட்டத் தெரியாதுங்களே" என்று சொல்லிவிட்டேன்.

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு என் காதோரம் குனிந்தார். "எனக்கு மட்டும் தெரியுமாக்கும்? நான் லைசன்சே எடுக்கல சாமி. வெளிய சொல்லிப்போடாதே."

வெறும் கால் மணி நேரம்

அவர் காலமான பிறகு அந்த சீட் முழுசாக என் தலையில் விழுந்தது. ஏறுவேன், கதவைச் சாத்துவேன், கண்ணை மூடுவேன். நாக்பூரும் வராது, மழையும் வராது. வெளியே சுத்தியலும் வெல்டிங்கும் காதைக் கிழிக்கும். சும்மா இறங்கி வந்து, "எல்லாம் சரிங்க" என்பேன். வாசலில் சூடத்தோடு நிற்கிற சனம் அதை நம்பிச் சாவியைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்போது, ஊரை ஏமாற்றுகிற மாதிரி கூசும்.

பெரியவர் மகள்தான் இப்போது முதலாளி. கெட்டிக்காரி, நியாயஸ்தி. ஒருநாள் அழைத்தார். "அப்பா எறங்குனா ஏதாச்சும் ஒண்ணு சொல்லுவாருங்ணா. நீங்க சும்மாவே எறங்கறீங்க. இந்த மாசத்தோட இத நிறுத்திக்கலாமுங்களா?"

ஒரு சாண்

மாசக் கடைசி. பனமரத்துப்பட்டிக்காரர் ஒருவர், சொந்தமாக ஓட்டுகிறவர், வண்டி எடுக்க வந்திருந்தார். இதுதான் கடைசி என்று எண்ணி ஏறினேன். பெரியவர் விட்டுப்போனது என்னோடு முடிகிறதே என்று துக்கமாக இருந்தது. புது ரெக்ஸின் வாசனை. கண்ணாடி வழியாக இளவெயில். அப்புறம் நீளமான ரோடு, இரண்டு பக்கமும் மஞ்சளாய்ப் பூத்த வயல், பெயர் தெரியாத ஊர். புளியமரத்தடியில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, சீட்டுக்குப் பின்னால் இருக்கும் படுக்கைப் பலகையில் படுக்கிறேன். காலை நீட்டினால் ஏதோ இடிக்கிறது. மடக்கினால் முட்டி நோகிறது. புரண்டு புரண்டு படுக்கிறேன்.

திடுக்கிட்டு விழித்தேன். ஒரு மணி நேரம் ஓடியிருந்தது. கீழே எல்லாரும் நிற்கிறார்கள், நடுவில் முதலாளியம்மா. மானம் போயிற்று என்று இறங்கினேன். "தூங்கிப்போட்டனுங்க. பலகை ஒரு சாண் பத்தலீங்க, காலு இடிக்குது" என்று உளறினேன். பனமரத்துப்பட்டிக்காரர் உடனே ஏறிப் படுத்துப் பார்த்தார். பலகை ஓரத்தில் இருந்த சாமான் பெட்டியில் அவர் பாதம் டங்கென்று இடித்தது. "பெட்டியக் கீழ எறக்கிட்டு வண்டியக் குடுங்க. அடுத்த வண்டிக்கும் அண்ணனே உக்காரட்டும்" என்று முதலாளியம்மா சொல்லிவிட்டுப் போனார்.

அப்போதுதான் பட்டறை முழுக்க நிசப்தமாக இருப்பது எனக்கு உறைத்தது. ஒரு சுத்தியல் சத்தம் இல்லை. பழனியப்பன் அருகில் வந்து மெதுவாகச் சொன்னார்: "பெரியவரு உள்ள தூங்கத்தானுங்க செய்வாரு. கொறட்டை கேட்டா வேலைய நிறுத்திப்போடுவோம். இன்னைக்குத்தான் உங்குளுக்கும் நிறுத்துனோமுங்க."

டிரைவர் ரோட்டில் தூங்கிவிடக்கூடாது என்பதற்காக, லாரி ஓட்டத் தெரியாத இரண்டு பேர் பட்டறையில் முறை வைத்துத் தூங்கினோம், அவ்வளவுதான்.