மினு கடித்த செடி

வாயிலிருந்து எச்சில் ஒழுக, நாத்தனார் மடியில் துவண்டு கிடந்தது அவருடைய பூனை மினு. பிரெஞ்சுக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் புதுச்சேரியை விட்டுக் கப்பலேறிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. நான் கல்யாணமாகி வந்த புதிது. என் கணவரின் அக்காவான அவர், இளம் வயதிலேயே கணவனை இழந்தவர். பெண்கள் பள்ளியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்துக்கொண்டு எங்களோடு இருந்தார். எதற்கும் குரல் உயர்த்தமாட்டார். அவருக்கென்று அந்த வீட்டில் இருந்தது மினு ஒன்றுதான்.

கூடத்தில் என் கணவர் ஆசையாக வளர்த்த, புள்ளி விழுந்த பெரிய இலைச் செடியை அது கடித்துவிட்டது. அந்த இலையின் நஞ்சுதான் அதை அப்படிப் படுத்தியது. "பூனைய எங்கனா கொண்டுபோய் வுட்டுடுக்கா" என்றார் அவர். நாத்தனார் ஈரத்துணியால் அதன் வாயைத் துடைத்துக்கொண்டே, "செடிதான் தம்பி போவணும். மினு இங்கதான் இருக்கும்" என்றார். கணவர் மறுநாள் செடியை யாருக்கோ கொடுத்துவிட்டார்.

மினு தேறிவிட்டது. தம்பியின் வாடிய முகம்தான் நாத்தனாரை உறுத்தியது. தன் ஊருக்குப் புறப்பட்ட ஒரு பிரெஞ்சு மதாமுக்கு விடைகொடுக்க நாங்கள் இருவரும் போனபோது, ஜன்னலோரத் தொட்டியில் வெற்றிலை வடிவில், தடித்த, பளபளக்கும் இலைகளோடு ஒரு செடி இருந்தது. பெப்பரோமியா என்றார் மதாம். நான் அதன் அழகைப் பார்த்தேன். நாத்தனார் இலையோரத்துப் பல்தடங்களைப் பார்த்தார். பிறகு, கொழுகொழுவென்று உலவிய மதாமின் பூனைகளைப் பார்த்தார். "பூனைங்க கடிச்சும் ஒண்ணும் ஆவலியே!" என்று என் காதில் சொல்லிவிட்டு, கூச்சப்படாமல் தொட்டியைக் கேட்டு வாங்கினார்.

நேர்வெயில் கூடாது, மண் காய்ந்த பிறகே தண்ணீர் என்று மதாம் சொல்லியனுப்பியிருந்தார். கணவரோ ஆர்வத்தில் தினமும் ஊற்றினார். மழைக்காலத்தில் தண்டு அழுகிச் சாய்ந்தது. அவர் குற்றவாளிபோல் நிற்க, "ஆசையிலதான ஊத்துன, வுடு" என்று நாத்தனார் நல்ல இலைகளைக் காம்போடு கிள்ளி, மணல் கலந்த மண்ணில் நட்டார். பள்ளிக்குக் கிளம்புமுன் விரலால் மண்ணைத் தொட்டுப் பார்ப்பார், ஈரமிருந்தால் விட்டுவிடுவார். வாரக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பொறுமை எனக்கு வராது. தை பிறந்த பிறகு, "அக்கா, துளுத்துடுச்சு!" என்று முதலில் கத்தியவர் என் கணவர்தான்.

பிறகு நாத்தனாருக்குக் காரைக்காலுக்கு மாற்றல் வந்தது. ஒரு கன்றைத் தனித் தொட்டியில் பெயர்த்து, மினுவையும் கூடையில் வைத்து, பஸ்ஸில் கூடவே போய்க் குடிவைத்துவிட்டு வந்தார் கணவர். "செடிக்கு வெளிச்சம் இருக்குதா?" என்று கேட்டேன். "அதெல்லாம் இருக்குது. பேச்சுத் துணைக்குத்தான் அக்காவுக்கு ஆளில்ல" என்றவர், அன்று சாப்பிடாமலே எழுந்துவிட்டார்.