காரீய வேலை நடந்ததா?

படூரில் எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் ஒரு டாக்டரம்மா இருக்கிறார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. ஒரு வட்டாரத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் என்ன ஆகிறது, ஏன் அங்கே, ஏன் அந்தத் தெருவில் என்று வீடு வீடாகக் கேட்டு ஆராய்கிறவர். என் வயதுதான். மதுராந்தகம் பக்கம் பிறந்தவர். ஏரியும் நெல்லும் தெரியும், கடல் தெரியாது. எனக்கும் தெரியாது. கரையில் நின்று நாலு வரி கவிதை எழுதுவதோடு சரி. காலையில் இருவரும் சேர்ந்து நடப்போம்.

அப்படி நடக்கும்போதுதான் கேட்டார், ஒரு கேள்வித்தாளைத் தமிழில் சரிபார்த்துத் தர முடியுமா என்று. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரக் குப்பங்களில் சின்னப் பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கப் போகிறார்கள். ஏறினால் பல சமயம் காய்ச்சல் கூட வராது. பேச்சு கொஞ்சம் பிந்தும். படித்தது மனதில் நிற்காது. மக்குப் பிள்ளை என்று யாரோ சொல்லிவிட்டுப் போவார்கள், ஆயுசு முழுக்க அந்தப் பெயர். எங்கிருந்து ஏறுகிறது என்று தெரிந்தால் நிறுத்திவிடலாம். அதற்குத்தான் கேள்விகள்.

அவர் தாளில் 'லெட்' என்று தமிழ் எழுத்தில் இருந்தது. அடித்தேன். ஈயம் என்று போட்டால் போதுமே என்றார். போதாது என்றேன். ரசம் வைக்கிற ஈயச்சொம்பும் ஈயம்தான், அது வெள்ளீயம், வேறு உலோகம். இது காரீயம். கறுத்த ஈயம். வாயில் வைத்துச் சொல்லிப் பாருங்கள், எவ்வளவு கனம். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, சொல் விஷயத்தில் நான் சிரிப்பதில்லை. 'கடந்த ஓராண்டில் உங்கள் வீட்டில் காரீய வேலை நடந்ததா? யார் செய்தார்? எங்கே செய்தார்? முடிந்ததும் கைகால் கழுவினீர்களா?' நான்கே கேள்வி, ஒரு பிசிறு இல்லை. அன்று முழுக்க மழை பெய்து விட்டாற்போல் இருந்தது எனக்கு.

மாதங்கள் போயின. முடிவுகள் வந்த பிறகு டாக்டரம்மா நடையில் பாதியில் நின்றுவிட ஆரம்பித்தார். எதுவும் பொருந்தவில்லை என்றார். காரீய வேலை நடந்ததாகச் சொன்ன வீடுகள் சிலவற்றில் பிள்ளைகளின் ரத்தத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. நடக்கவே இல்லை என்ற வீடுகள் பலவற்றில் ஏறிக் கிடக்கிறது. செய்தவர் யார் என்றால் மூத்த மகன். எங்கே என்றால் கடற்கரையில். கழுவினீர்களா என்றால் ஒருவர் விடாமல் ஆம். தலைக்கே குளித்தோம் என்று சிலர் சொன்னதாகவும், கணக்கெடுக்கப் போன பெண் குறித்திருந்தாள். இந்த ஜனங்களுக்கு இருக்கிற சுத்தத்தைப் பாருங்களேன் என்று டாக்டரம்மா வியந்தார். நானும் வியந்தேன். அன்றே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அவரை அரித்துக்கொண்டிருந்தது ஒரு பிள்ளை. நாலு வயதுப் பெண். எல்லாரையும்விட அவள் ரத்தத்தில்தான் அதிகம். வீட்டில் காரீய வேலை இல்லை என்று பதிவாகியிருந்தது. அப்படியானால் எங்கிருந்து? கண்டுபிடிக்காத ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் ஏறும். மறுபடி ரத்தம் பார்க்க மூன்று முறை சொல்லி அனுப்பியும் அம்மா வரவில்லை. போனையும் எடுப்பதில்லை. ஒரு சனிக்கிழமை, நேரில் போய்விடலாம், நீங்களும் வாங்க என்றார். கோவளம் போய்க் கடற்கரைச் சாலையில் தெற்கே திரும்பினோம். கணக்கெடுத்த பெண் பின்சீட்டில் இருந்தாள். செங்கல்பட்டுக்காரி, கல்லூரி முடித்த கையோடு வந்தவள்.

சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்று. நைட்டிமேல் துண்டு போட்டு நின்ற அந்த அம்மாவுக்கு முப்பது இருக்காது. எங்களைப் பார்த்ததும் கதவைச் சாத்தப் போனவள், பாதியில் நிறுத்தினாள்.

"இன்னாத்துக்கு வந்தீங்க? காரியம் நடந்துச்சான்னு கேக்கவா?"

டாக்டரம்மா, ஆமாம்மா, அதைப் பற்றித்தான் பேசணும் என்றார்.

"இன்னும் நடக்கல. நடந்ததும் சொல்லி அனுப்பறேன், போங்க."

வெயில் அப்படியே நின்றது. அவள் குரலை உயர்த்தவில்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"கொயந்தைக்கு ரத்தம் எடுத்தீங்க. எடுத்த கையோட வூட்ல காரியம் நடந்துச்சா, யாரு செஞ்சது, எங்க செஞ்சீங்க, கை கால் கழுவுனீங்களான்னு கேட்டீங்க. அப்புறம் போன் மேல போன், ரத்தத்துல இன்னாவோ கீதுன்னு. இவ போய்டுவான்னு தெரிஞ்சிதானே கேட்டீங்க? பெத்தவ நான் வேற இன்னான்னு எடுத்துக்கறது?"

காரீயம். காரியம். செத்தவருக்குப் பதினாறாம் நாள் செய்கிற காரியம். மூத்த மகன் செய்வது. கடற்கரையில் செய்வது. முடிந்ததும் தலைக்குக் குளிப்பது. என் நான்கு கேள்விகளும் எழவு கேட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் போயிருக்கின்றன. சாவு விழுந்த வீடுகள் ஆம் என்றிருக்கின்றன. மற்றவை பதறி இல்லை என்றிருக்கின்றன.

கணக்கெடுத்த பெண்ணைத் திரும்பிப் பார்த்தேன். "'ரீ'ன்னு தப்பா டைப் ஆயிருக்குன்னு நெனச்சேன் மேடம்," என்றாள் டாக்டரம்மாவிடம். "துக்க வீடான்னு கேக்கறாங்க போலன்னுதான் எல்லார்கிட்டயும் குரலைத் தாழ்த்திக் கேட்டேன்."

டாக்டரம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தே அண்ணாந்து பார்த்துச் சொன்னார். யாரும் போய்விட மாட்டார்கள். பிள்ளையின் ரத்தத்தில் ஒரு உலோகம் இருக்கிறது, அது எங்கிருந்தோ வாய்வழியாகப் போகிறது, அதை நிறுத்தினால் இறங்கும். ஈயம் தெரியுமா, சாம்பல் நிறம், கனமாக இருக்கும். அவள் கொஞ்சம் இளகினாள். ஈயமெல்லாம் ஏது, எல்லாம் எவர்சில்வர்தான் என்று அலமாரியைக் கைகாட்டினாள்.

அப்போது உள்ளேயிருந்து பிள்ளை வந்தாள். ரெட்டைச் சடை. ஒரு கன்னம் உப்பியிருந்தது, மிட்டாய் அடக்கினாற்போல. அம்மா எங்களிடம் பேசிக்கொண்டே, குனிந்துகூடப் பார்க்காமல், விரலை அந்தக் கன்னத்துக்குள் விட்டு எதையோ எடுத்து, நைட்டியில் துடைத்து, கதவோரம் இருந்த வாளியில் போட்டாள். டங் என்றது.

வாளி நிறையச் சாம்பல் நிறத்தில், விரல்நுனி அளவில், நடுவே துளையோடு உருண்டைகள்.

அது என்ன என்று கேட்டார் டாக்டரம்மா. அந்தக் குரல் அவர் குரலாகவே இல்லை.

வலைக்குண்டு என்றாள். வலையைத் தண்ணிக்குள் இழுக்கிற குண்டு. கிழிஞ்ச வலையிலிருந்து பிரித்தெடுத்துப் பின்பக்க அடுப்பில் உருக்கி அவள் வீட்டுக்காரர் ஊத்துவார். இவள் கோப்பாள். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

"பல்லு மொளைக்கறப்பலேர்ந்து வாய்ல போட்டுக்கினு கீது. முழுங்காதுக்கா, கெட்டிக்காரி," என்றாள் என்னைப் பார்த்து.

அவள் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு வாளியை. பிறகு நைட்டியில் துடைத்த தன் விரலை.

"இதுவா?"

டாக்டரம்மா தலையசைத்தார்.

"குண்டு ஊத்தறியான்னு ஒரு வார்த்த கேக்க வேண்டிதானே? அன்னிக்கே தூக்கிக் கடாசியிருப்பேனே."

அந்தக் கேள்வியை எழுதியது நான்தான் என்று சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் என்னை மேலும் கீழும் பார்த்து எந்த ஊர் என்று கேட்டாள். படூர் என்றேன்.

"தமிழ் பேசற ஊருதானே அது?"

அதற்கு மேல் திட்டவில்லை. பிள்ளையைத் தூக்கிக் குழாயடியில் வைத்து வாயைக் கொப்பளிக்கச் சொன்னாள். ஒரு தரம், ரெண்டு தரம், பிள்ளை அழும்வரை. வாளியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டுபோய் வெளியே வைத்தாள். பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, எங்களை வாங்க என்றுகூடச் சொல்லாமல், பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"இன்னாமே, வூட்ல குண்டு ஊத்தறியா நீ?"

ஊத்தாம இன்னா என்றது உள்ளேயிருந்து ஒரு குரல், உனக்குத் தெரியாதா என்கிற சிரிப்போடு. கணக்கெடுத்த பெண் கேள்வித்தாளை எடுத்துக் குறிக்க ஆரம்பித்தாள். அடுத்த வீட்டிலும் ஊத்தறோம் என்றார்கள். அதற்கடுத்த வீட்டில் நேற்றுத்தான் ஊத்தினார்களாம்; அடுப்பில் இன்னும் சட்டி இருந்தது, பக்கத்தில் சோற்றுப் பானை. தெரு கடல்வரை போயிற்று. ஒரு வீட்டில்கூட இல்லை என்று வரவில்லை.

இப்போது தாளில் அவள் வாக்கியம்தான் இருக்கிறது. பிள்ளையின் ரத்தத்தை அதற்குப் பிறகு இரண்டு முறை பார்த்தாயிற்று. இறங்குகிறது, ஆனால் மெதுவாக. எலும்பில் போய் ஒளிந்தது சட்டென்று வெளியே வராதாம். பேச்சிலும் படிப்பிலும் போனது எவ்வளவு திரும்பும் என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் நடையை எட்டிப் போட்டார்.

போன மாதம் அந்த வீட்டுக்குப் போயிருந்தோம். குண்டுகள் தெருக்கோடியில், பூட்டுப் போட்ட பெட்டியில் இருந்தன. பேசிக்கொண்டிருக்கும்போது பிள்ளை என் பையிலிருந்து பேனாவை எடுத்து வாயில் வைத்தாள். அம்மா பாய்ந்து பிடுங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூடியைக் கழற்றி முகர்ந்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

"யக்கா, இதுல கீதா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சாதாரணப் பேனாதான். ஆனால் என் சொல்லை நம்பி இந்த வீடு பட்டது போதும். டாக்டரம்மாவைப் பார்த்தேன், அவர் சொல்லட்டும் என்று.