பார்க்காத மாடுகளுக்குச் சாட்சி

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, மகள் கயல், அவளோடு படிக்கும் அரிமளத்துப் பெண் பர்வீன். நாலே பேர். பின்னால் யாராவது கேட்டால் சொல்ல வேண்டுமே என்று எங்கே போனாலும் தலையை எண்ணி வைப்பது என் வழக்கம்.

கல்லூரியில் கயலுக்கு முதன்மைப் பாடம் சமூகப்பணி. துணைப்பாடமாகக் குற்றவியல் நீதி எடுத்திருக்கிறாள். வேறு பாடமே கிடைக்கவில்லையா என்று அப்போதே கேட்டேன். இப்போது கோர்ட்டில் சாட்சி சொன்ன ஒருவரைப் பேட்டி எடுக்க வேண்டுமாம்.

"வெளிய எதுக்குத் தேடுறீங்க? உங்கப்பாவே கூண்டு ஏறுனவருதான்," என்றாள் மனைவி, டீக்கு இஞ்சியைத் தட்டிக்கொண்டே.

அந்த இஞ்சி வாசனை என்னை இலுப்பூரில் நான் டீ மாஸ்டராக இருந்த கடைக்கே கொண்டுபோய்விட்டது. எட்டாவதோடு நின்றவன் நான். ஆனாலும் இனிஷியலோடு கோணாமல் கையெழுத்துப் போடுவேன் என்று கடையில் ஒரு பெயர் உண்டு. ஸ்டேஷனுக்கு டீ கொண்டுபோன ஒருநாள் ஏட்டையா தாளை நீட்டினார். "மாஸ்டரு, இதுல ஒரு கையெழுத்தப் போட்டுட்டுப் போங்க." படித்துப் பார்த்தால் கோபித்துக்கொள்வாரோ என்று பயம். பயத்திலும் கொஞ்சம் பெருமை. அழகாகவே போட்டேன். ஆற்றில் மணல் அள்ளிய மாட்டுவண்டியை என் கண்ணெதிரே பிடித்ததாக எழுதிய மகஜர் அது. வண்டிக்காரர் ராசு பதினைந்து நாள் சிறையில் இருந்தார்.

ஒன்றரை வருஷம் கழித்து எனக்குச் சம்மன் வந்தது. கோர்ட்டில் ராசுவின் வக்கீல் கேட்ட முதல் கேள்வி, "மாடு என்ன நெறம்?"

"வெள்ளைங்கய்யா."

போலீஸ் எடுத்த போட்டோவில் இரண்டும் செவலை. ராசு விடுதலையானார். கோர்ட் வாசலில் என்னை நிறுத்தி, "மாஸ்டரு, ஒருநாளாச்சும் வந்து எம்மாட்டப் பாத்துட்டுப் போங்க," என்றார், சிரிக்காமல். நான் போகவில்லை.

இதைப் போய் மகளிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் இத்தனை காலம் கழித்து என்மேல் கேஸ் வருமா? மணல் வண்டி பிடித்த கேஸ் என்று மட்டும் சொன்னேன்.

"அப்பா, வண்டியப் பிடிச்சப்ப நீங்க அங்கிட்டு நின்னீங்களா?"

"இல்ல தாயி. கடையில டீ ஆத்திக்கிட்டிருந்தேன்."

பர்வீன்தான் முதலில் பேசினாள். "இப்ப அப்படி முடியாது மாமா. பறிமுதல் பண்றப்பவே வீடியோ எடுக்கணும்." நல்லதுதான். அந்த டீக்கடையும் இன்று இல்லை. ராசு எந்த ஊரில் இருக்கிறாரோ, இருக்கிறாரோ இல்லையோ.

கயல் என்னைப் பார்க்காமல் அடுத்த கேள்விக்குப் போனாள்.

"கோர்ட்டுக்கு வந்துபோற செலவுக்குச் சாட்சிப்படி கொடுத்தாங்களா?"

"எண்பது ரூவா வரும்னாங்க. நான் கேக்கல."

"ஏம்ப்பா?"

"என்னத்தப் பாத்தேன்னு அதக் கேக்குறது?"

கயல் நோட்டைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு எழுதினாள்: சாட்சிப்படி பாக்கி, ரூபாய் எண்பது.