ரசலையன் கேட்கவைத்த சத்தம்

குலசேகரம் போகும் சாலையோரக் கட்டடத்தில் இரண்டு அறைகள். ஒன்றில் நான் தையல் மெஷின் போட்டிருக்கிறேன். அடுத்தது ரசலையன் அண்ணனுடையது. மரம் அறுக்கும் மெஷின் வாள்களை அவர் பழுது பார்க்கிறார். காலையில் ஒரு வாளை இழுத்து ஸ்டார்ட் செய்தாரென்றால் என் ஊசி டப்பா மேசையில் நடக்கத் தொடங்கும். பெட்ரோல் புகை பிளவுஸ் துணியில் ஏறும். இதற்காக நான் சண்டைக்குப் போகாத வாரம் கிடையாது.

"எட்டி எலிசா, இந்த மணம் இல்லேன்னா உனக்கு தையலே ஓடாது" என்று சிரிப்பார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவருக்குப் பொறுமை அதைவிட நீளம்.

மஸ்கட்டில் பதினோரு வருடம் ஜெனரேட்டர் மெக்கானிக்காக இருந்தவர். முதுகு வலியோடும் ஒரு டூல்ஸ் பெட்டியோடும் திரும்பி வந்தார். இங்கே ரப்பர் மரம் முறிக்கிறவர்களிடம் இருப்பதெல்லாம் மூன்று கை மாறிய பழைய வாள்கள். புது வாள் விற்கிற கடைக்காரர்கள் அவற்றைப் பார்த்ததுமே தூக்கிப் போடச் சொல்வார்கள். அண்ணன் அப்படிச் சொன்னதே இல்லை. செத்துப்போன வாள்களைப் பிரித்து ஒரு மரப்பெட்டியில் வைத்திருந்தார். ஒன்றின் கார்புரேட்டர் இன்னொன்றுக்குப் போகும். மூட்டுக்கு இடையில் வைக்கும் கேஸ்கட் வேண்டுமென்றால் பழைய காலண்டர் அட்டையை இன்ஜின் வாயில் வைத்து, சிறு சுத்தியலால் ஓரத்தைத் தட்டித் தட்டியே வெட்டி எடுத்துவிடுவார். அதிர்வு தாங்கும் ரப்பர் கிழிந்திருந்தால் லாரி டியூப். செயினுக்கு அரம் போடும்போது ஒவ்வொரு பல்லுக்கும் மூன்று இழுப்பு, இரண்டு பக்கமும் ஒரே கணக்கு. பார்ட்ஸ் கிடைக்காது என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. அதில் அவருக்குப் பெருமை இருந்தது. எங்கள் எல்லோருக்கும்தான்.

போன ஆடியில் அடித்த காற்றில் இந்தப் பக்கம் ரப்பர் மரங்கள் கும்பலாகச் சாய்ந்தன. ஒரு வீட்டுக் கூரைமேல் கிடந்த மரத்தை அறுக்கவேண்டிய அவசரத்தில் பெர்லின் ஓடி வந்தான். மரம் முறிக்கிறவர்களில் கை வேகமானவன் என்று பெயர் எடுத்தவன். பைக்கின் பின்னால் அவன் மனைவி ரேஷ்மி, மடியில் வாள். அதில் பிரேக் பட்டை அறுந்திருந்தது.

இதைச் சொல்லியே ஆகவேண்டும். வாளின் நுனி எதிலாவது இடித்தால் வாள் ஆளின் முகத்தைப் பார்த்துத் துள்ளும். அப்போது பிடியிலிருக்கும் இடது கை முன்னால் நிற்கும் தடுப்பில் மோதும். தடுப்பு 'டக்' என்று சாயும். உள்ளே ஒரு இரும்புப் பட்டை, செயினைச் சுழற்றும் டிரம்மை இறுக்கி அதை நிறுத்திவிடும். பட்டை இல்லாவிட்டாலும் அந்த 'டக்' கேட்கும். எங்கள் பக்கத்தில் பாதிப்பேர் அந்தத் தடுப்பையே கழற்றி எறிந்துவிடுகிறார்கள். கிளைக்குள் வேலை செய்ய அது இடைஞ்சலாம். ஆனால் அவர்களுக்கு பிரேக் இல்லையென்று தெரியும். தலையை ஒதுக்கி வைத்துக்கொண்டுதான் அறுப்பார்கள்.

ரேஷ்மி அண்ணனிடம் சொன்னது என் கடைவரை கேட்டது. "அண்ணா, மத்தவங்க கணக்கா அந்தத் தடுப்ப கழட்டிக் குடுத்திராதீங்க. பிள்ளைக்கு ரெண்டு வயசுதான் ஆவுது."

அண்ணனின் பெட்டியில் அந்தப் பட்டை இல்லை. இல்லையென்று சொல்லியிருக்கலாம். அறுந்த துண்டுகளை எடுத்து வெளியே போட்டார், மூடியை மாட்டினார், தடுப்பை ரேஷ்மியின் கண்முன் அழுத்திக் காட்டினார். டக்.

"கேட்டியா மக்கா? நல்ல பிரேக்காக்கும்."

காற்று அடங்கியதும் வாள் அரம் போட வரும், அப்போது பட்டை வாங்கிப் போட்டுவிடலாம் என்பது அவர் எண்ணம். வாள் வரவும் செய்தது, இரண்டு தடவை. மறந்துவிட்டேன் என்று அவர் பிறகு என்னிடம் சாக்குச் சொல்லவில்லை. மறக்கவில்லையாம். சொல்ல வெட்கமாக இருந்ததாம்.

செப்டம்பரில் திருவட்டாறுப் பக்கம் ஒரு அயினி மரத்தில் பெர்லின் ஏறியிருந்தான். இலைக்குள் மறைந்திருந்த கிளையில் வாள் நுனி இடித்துத் துள்ளியது. செயின் நிற்கவில்லை. இடது தோளில் இறங்கியது. கீழே நின்றவர்கள் கயிற்றோடு இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் தப்பியது. இடது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை.

ரத்தம் காய்ந்த வாளை ரேஷ்மி கொண்டுவந்து வைத்தாள். "கழுவி இங்கயே போட்டிருங்க அண்ணா. அவரு இனி தொடமாட்டாராம்."

அன்று அண்ணன் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவில்லை. மத்தியானம் என் வெட்டுமேசைப் பக்கம் வந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார். இனி நான் செய்ததையும் எழுதவேண்டும்.

"யாரு தெறந்து பாக்கப் போறா அண்ணா?" என்றேன். "ஒரு பட்டைய வாங்கிப் போட்டு மூடுங்க. சொன்னா கட போவும், பின்ன போலீசு. பெர்லினுக்க விரலு திரும்பி வருமா?"

எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்! கத்தரியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

அண்ணன் என் பேச்சைக் கேட்டார். நாகர்கோவில் கடையில் சொல்லிவைத்த பட்டை நான்காம் நாள் வந்தது. அதை உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினார். "இது கிடைக்க நாலே நாளாக்கும் எலிசா." ஆனால் அதை வாளில் போடவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். பையில் துருக்கறை பிடித்தது.

அக்டோபரில் பெர்லின் வீட்டில் நன்றி ஜெபம் வைத்தார்கள். நாங்கள் இருவரும் போனோம். அண்ணனை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். பெர்லின் எழுந்து சாட்சி சொன்னான்.

"அண்ணன் வச்ச பிரேக்கு டக்குன்னு விழுந்தது எனக்க காதுல கேட்டு. அதுனாலதான் கழுத்து தப்பிச்சு. பிந்திப் போனது எனக்க கையாக்கும். கை மெதுவான ஆளு மரத்துல ஏறப்பிடாது. மரம் ஏறுத கயித்த மச்சினனுக்கு குடுத்திட்டேன்."

எல்லோரும் ஆமென் என்றார்கள். நானும் சொன்னேன். அவர்கள் கொடுத்த சாயாவைத் தொடாமல் அண்ணன் எழுந்து வந்தார்.

மறுநாள் காலையில் அந்த வாளை ஸ்கூட்டரில் வைத்துக் கட்டினார். எங்கே போகிறார் என்று கேட்காமலே தெரிந்தது. தடுக்கலாம் என்றுதான் நான் பின்னால் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் பேசினேன். அவர் காதில் ஒன்றும் ஏறவில்லை.

பெர்லின் வீட்டு முற்றத்தில் வாளை வைத்து இரண்டு நட்டுகளைக் கழற்றினார். மூடியும் தடுப்பும் ஒன்றாகக் கையில் வந்தன. அவற்றைத் திருப்பி உள்பக்கத்தைக் காட்டினார்.

"இங்க ஒரு பட்டை இருக்கணும் மக்கா. அன்னைக்கு எனக்க கிட்ட இல்ல. நான் போடாமலே மூடித் தந்தேன்." சட்டைப் பையிலிருந்து புதுப் பட்டையை எடுத்துத் தரையில் வைத்தார். இத்தனை நாள் யார் பேச்சைக் கேட்டு வாயடைத்திருந்தார் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

ரேஷ்மி மூடியை வாங்கினாள். தடுப்பை அழுத்தினாள். டக். பின்னால் இழுத்து மறுபடியும் அழுத்தினாள். டக்.

"எனக்க முன்ன வச்சுத்தானே அண்ணா இந்தச் சத்தத்தக் கேக்க வச்சீங்க?"

பெர்லின் தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தான்.

"அப்ப எனக்க கை பிந்தல்ல, இல்லியா அண்ணா?"

"இல்ல மக்கா. உனக்க கை செரியான நேரத்துக்குப் போச்சு."

பெர்லின் வாய்விட்டு அழுதான். ஆஸ்பத்திரியில்கூட அவன் அப்படி அழுததில்லையாம். ரேஷ்மி எங்களைப் பார்த்து, "போங்க" என்றாள். வந்துவிட்டோம்.

போலீசுக்கு யாரும் போகவில்லை. ஆனால் விஷயம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. சிலர் வாள்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். மிச்சம் வருகிறவர்களிடம் அண்ணன் மூடியைக் கழற்றிக் காட்டி, அவர்களையே தொட்டுப் பார்க்கச் சொல்கிறார். பட்டை இல்லாத வாளாக இருந்தால் தடுப்பையும் கழற்றிவிட்டு, பிரேக் இல்லையென்று தெரியட்டும் என்று பிடியில் சிவப்புப் பெயின்ட் அடித்துவிடுகிறார். இல்லை என்ற வார்த்தை இப்போது அவருக்கு வருகிறது. பெர்லின் மச்சினனிடமிருந்து கயிற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டான் என்று கேள்வி. தரையில் நின்று அறுக்கிறான். இன்னும் மரத்தில் ஏறவில்லை. வாளுக்குப் பழுது வந்தால் வேறு மெக்கானிக்கிடம் போகிறான்.

கிறிஸ்துமஸுக்கு ரேஷ்மி பிள்ளையின் ஃபிராக்குத் துணியோடு என் கடைக்கு வந்தாள். பக்கத்து அறைப் பக்கம் திரும்பவில்லை. அளவு சட்டையை மேசையில் வைத்தவள், அதை மடித்து, மறுபடியும் விரித்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா? அண்ணன் வந்து சொல்லுகதுக்கு முன்ன உங்களுக்கு இது தெரியுமா?"

பக்கத்து அறையில் அண்ணன் ஒரு செயினுக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தார். நான் ஊசியில் நூல் கோக்கக் குனிந்தேன்.

"தெரியாது மக்கா" என்றேன்.

அரத்தின் சத்தம் நின்றது.