சங்கிலி சுற்ற நாலு நிமிடம்

செவ்வாய்க்கிழமை காலை பழனியிடமிருந்து போன் வந்தது. "சார், நம்ம மேஸ்திரி போயிட்டாருங்க." உடைந்து ஒட்டிய தாடையால் அவன் பேச்சு எப்போதுமே குழறும். அன்று அழுகையும் சேர்ந்திருந்தது. நாமக்கல் லாரிப் பட்டறையில் எங்களோடு டயர் மேஸ்திரியாக இருந்த மரிய செல்வம் இறந்துவிட்டார். அவரைப் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை. அவரோடு வேலை செய்த நீங்கள் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

லாரி டயரைச் சக்கரத்தின் இரும்பு டிஸ்க்கோடு பிடித்து வைப்பது ஓர் இரும்பு வளையம். அது சரியாக உட்காராமல் காற்று ஏறினால் தெறித்து ஆளைக் கொல்லும். அதனால் சக்கரத்தைச் சங்கிலியால் சுற்றிய பிறகே செல்வம் காற்றடிக்க விடுவார். சுற்ற நாலு நிமிடம். லாரிகள் வந்துபோகும் நேரத்தைக் குறிப்பது என் வேலை. பத்துச் சக்கர லாரிக்கு நாற்பது நிமிடம் வீணாகிறது என்று கட்டம் போட்டு முதலாளிக்கு ஒரு குறிப்பு எழுதினேன். என் வாழ்நாளில் நான் துணிந்து சொன்ன ஒரே யோசனை அது. முதலாளி ஒப்புக்கொண்டார்; சங்கிலி சுற்றுவது நின்றது.

"அந்த நாப்பது நிமிசத்தச் சேத்து வெச்சு என்னங்க சார் பண்ணுவீங்க, கல்யாண மண்டபம் கட்டப் போறீங்களா?" என்றார் செல்வம். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பழனி அதற்குப் பிறகுதான் டயர் வேலைக்குச் சேர்ந்தான்; சங்கிலியை நிறுத்த வைத்தது யார் என்று அவனுக்குத் தெரியாது.

அவர் மாதா கோயிலுக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழனி காற்றடித்த சக்கரத்திலிருந்து வளையம் பறந்தது. அவன் கீழ்த்தாடையைப் பிளந்துகொண்டு போய்க் கூரைத் தகட்டைக் கிழித்தது. கிரீஸ் தரையில் பற்கள் கிடந்தன. செய்தி கேட்டு ஓடிவந்த செல்வம் அவனை வண்டியில் ஏற்றி அனுப்பினார். பிறகு ரத்தம் தோய்ந்த கையால் என் கழுத்தைப் பிடித்து, அந்தச் சக்கரத்தில் என் முகத்தை மோதினார். "குறிச்சுக்கங்க சார். எத்தன நிமிசம் மிச்சமாச்சுன்னு குறிச்சுக்கங்க."

மாலையில் எருமப்பட்டியிலிருந்து பழனியின் பங்காளிகள் இரும்புக் கம்பிகளோடு வந்தார்கள். "சங்கிலிய நிறுத்துனவன் எவன்டா?" நான் பீரோவுக்குப் பின்னால் நின்றேன். செல்வம் வாசலை மறித்தார். "மேஸ்திரி நாந்தானுங்க. என்னைய அடிங்க." அவர் தோள் எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவரே சொன்னார்: "உங்களுக்காக இல்லீங்க. உங்களக் கொன்னுருந்தா அவனுங்க ஜெயிலுக்குப் போயிருப்பானுங்க. பழனிக்குக் கஞ்சி ஊத்த ஆரு இருப்பா? நீங்களே போயி அவங்கிட்டச் சொல்லிப்போடுங்க. இன்னைக்குன்னா ஒரு அறையோட முடியும். தள்ளிப்போட்டீங்கன்னா வருசக்கணக்காச் சொமக்கோணும்."

பழனி சோறு மெல்லப் பதினோரு மாதம் ஆயிற்று. நான் வாய் திறக்கப் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. அத்தனை பொங்கலுக்கும் அவன் என் வீட்டுக்குக் கரும்பு கொண்டுவந்தான்.

கல்லறைத் தோட்டத்தில், செல்வத்தின் குழியில் மண் போட்டுவிட்டு வந்த பழனியிடம், சங்கிலியை நிறுத்த வைத்தது நான்தான் என்று சொன்னேன். அறைந்தான். என் கண்ணாடி தெறித்தது. அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மறுபடி அறைந்தான். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. நாலு பேர் பிடித்து இழுத்தும் திமிறினான். "மொத அறை தாடைக்கு. மத்ததெல்லாம் நீ வாங்கித் தின்ன கரும்புக்குடா!"

ஒடிந்த தோளோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்த செல்வம் அன்று என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "மூஞ்சிக்கு மருந்து போட்டீங்களா சார்?" என்பதுதான். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தக் கேள்வி. பழனி அப்படிக் கேட்க எத்தனை காலம் ஆகுமோ தெரியாது. எனக்கு வயது எழுபத்தெட்டு.