ஈஸ்டருக்கு அப்பா வாங்கி வந்தது

பிராங்கிளினுக்கு உட்கார்ந்த இடத்தில் கால் நிற்காது. குடியை விட்டதிலிருந்து இன்னும் மோசம். நாகல்நகரில் மோட்டார் காயில் கட்டும் கடையில் பொழுதெல்லாம் கம்பி சுற்றுவான். வீட்டுக்கு வந்தால் நன்றாக ஓடுகிற ஃபேனைக் கழற்றி மாட்டுவான். "கை சும்மா இருந்தா அது பாட்டுக்கு எங்கயாச்சும் போயிரும்" என்பான் மனைவி பிரிஸ்கில்லாவிடம்.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று விட்டதுதான் அவன் செய்த தப்பு. அவன் சொந்தத்தில் பாதி ஆம்பளைகள் தவக்காலம் நாற்பது நாளும் பாட்டிலைத் தொட மாட்டார்கள். ஈஸ்டர் அன்று வட்டியும் முதலுமாகக் குடித்துத் தீர்ப்பார்கள். இவனையும் அந்தக் கூட்டத்தில்தான் எல்லாரும் சேர்த்தார்கள். ஒரேயடியாக விட்டதைப் பிரிஸ்கில்லாவிடம் மட்டும் சொல்லியிருந்தான். ஊருக்குச் சொல்லிவிட்டுத் தோற்றுப்போனால் என்ன செய்வது என்ற பயம்.

ஈஸ்டர் மத்தியானம் அப்பா ஆரோக்கியதாஸ் வந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஊர்ப் பிள்ளைகளுக்கு வாய் ஓயாமல் பாடம் சொன்னவர், பெற்ற பிள்ளையிடம் மார்க்கைத் தவிர எதுவும் கேட்டதில்லை. இரவு ஜெபம் முடிந்ததும் மற்ற வீடுகளில் அப்பாமார் பிள்ளை நெற்றியில் சிலுவை போடுவார்கள். இவர் தலையை ஆட்டுவதோடு சரி. அந்த ஏக்கம் பிராங்கிளினுக்கு ஆறவே இல்லை. பிளஸ் டூ முடித்த வருஷம் முதல் கிளாஸைத் தூக்கியபோது கொஞ்சம் ஆறியதுபோல் இருந்தது. அதோடு பிடித்துக்கொண்டது.

அப்பா மஞ்சப்பையிலிருந்து ஒரு குவார்ட்டரை எடுத்து மேஜையில் வைத்தார்.

"நாப்பது நாளும் தொடாம இருந்துட்டியே. நானே வரிசையில நின்னு வாங்கிட்டு வந்தேன்."

அடுப்படி வாசலில் பிரிஸ்கில்லா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். பிராங்கிளினுக்கு வாய் ஊறியது. அப்பா தன் கையால் அவனுக்கென்று ஆசையாக வாங்கி வந்த முதல் சாமான் அது. வேண்டாமென்றால் இந்த மனுஷன் இன்னொரு தடவை கை நீட்டி எதையாவது கொடுப்பாரா? வாங்கினால் அவன் கதை முடிந்தது. எழுந்தான், ஜன்னல்வரை போனான், வந்தான், மறுபடியும் போனான்.

"இது வேணாம்ப்பா. நான் தவக்காலத்துக்கு விடல. மொத்தமாவே விட்டுட்டேன்."

அப்பாவின் முகம் சுண்டிப்போனது. பாட்டிலைப் பைக்குள் திணித்துக்கொண்டு வாசலில் செருப்பை மாட்டினார். அப்புறம் திரும்பாமலே சொன்னார்:

"ஒனக்கு வேற என்ன பிடிக்கும்னு எனக்குத் தெரியாதேப்பா."

பிராங்கிளின் யோசித்துப் பார்த்தான். அவனுக்கும் சட்டென்று ஒன்றும் வரவில்லை.

"செருப்பக் கழட்டுங்கப்பா. சாப்டுக்கிட்டே யோசிப்போம்."

பிரிஸ்கில்லா பையை வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். மேஜைக்கு அடியில் பிராங்கிளினின் கால் ஆடிக்கொண்டே இருந்தது. அப்பாவின் காலும்தான்.