குழந்தைகளுக்கான இரண்டாம் பாகம்

பெங்களூரில் எங்கள் வீட்டுக் கதவைத் திறந்து வெளியே கால் வைத்ததும் எனக்கும் என் கணவருக்கும் குரல் தானாகத் தணிந்துவிடும். உள்ளே "எண்ணெய் தீர்ந்துபோச்சு" என்று தொடங்கிய பேச்சு, மாடிப்படியில் முணுமுணுப்பாகி, தெருமுனையில் நின்றே போகும். காய்கறிக் கடையில் தக்காளியை விரலால்தான் காட்டுவேன். ஊரில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். "பெங்களூர்ல பாதிப் பேரு தமிழ்தானே பேசுறாங்க" என்கிறார்கள். தமிழர்கள் நிறைந்த அல்சூர்ப் பகுதியில் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அங்கே இருந்த என் சித்தி மாடியிலிருந்து பூக்காரியைத் தமிழில் அதட்டிக் கூப்பிடுவார். நாங்கள் குடியிருந்தது நகரத்தின் மறுபக்கம், கணவரின் தொழிற்சாலைக்குப் பக்கத்தில். அந்தத் தெருவில் எங்களுடையது மட்டுமே தமிழ்க் குடும்பம்.

நாங்கள் திண்டுக்கல்லிலிருந்து வந்தது 1991இல். மகள் பூரணிக்கு அப்போது மூன்று வயது. அந்த வருடக் கடைசியில் தண்ணீர்த் தகராறு வெடித்து, சில நாள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தோம். எங்களை யாரும் ஒன்றும் செய்யவில்லை. கீழ்வீட்டுக்காரர்கள் பால்கூட வாங்கிக் கொடுத்தார்கள். ஆனால் தெருவில் ஆட்கள் கத்திக்கொண்டு ஓடியதைப் பூரணி ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்துவிட்டாள். நான் அவளை இழுத்து மடியில் போட்டு, "வெளியில தமிழ் பேசக் கூடாது, பாப்பா. வாயைத் திறக்கவே கூடாது" என்று சொன்னேன். பயத்தில் சொன்ன வார்த்தை. அதை அவள் எத்தனை ஆழமாக வாங்கிக்கொண்டாள் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

சில மாதம் கழித்து ஓர் ஆங்கிலப் படம் வந்தது. முகமூடியும் நீண்ட அங்கியும் அணிந்து கட்டடங்களுக்கு மேலே பறக்கும் வீரனின் கதை. குழந்தைகள் படம் என்று நினைத்து என் கணவர் அழைத்துப்போனார். படம் முழுக்க இருட்டு. ஊர் பற்றி எரிகிறது, கையில் தடியோடு ஆட்கள் ஓடுகிறார்கள், அந்த வீரனே சிரிக்காமல் ஆளைத் தூக்கி எறிகிறான். பாதியிலேயே எழுந்து வந்துவிட்டோம். வீட்டுக்கு வந்ததும் பூரணி கேட்டாள்: "அவங்கதானம்மா நம்ம தெருவுக்கு வந்தது?"

இல்லை என்று எத்தனை முறை சொல்லியும் அவள் நம்பவில்லை. அதற்குப் பிறகு வீட்டுக்கு வெளியே அவள் வாயே திறக்கவில்லை. தமிழ் மட்டுமல்ல, எந்த மொழியும் இல்லை. பள்ளியில் சேர்த்தோம். எழுதினாள், படம் வரைந்தாள், கணக்குப் போட்டாள், பேசவில்லை. இரண்டாம் வகுப்பில் டீச்சர் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் கன்னடத்தில் சொன்னதை என் கணவர் எனக்கு மெல்லச் சொன்னார்: வருடக் கடைசியில் வாய்மொழித் தேர்வு உண்டு, அதிலும் பேசாவிட்டால் வேறு பள்ளி பார்க்க வேண்டியதுதான். பேச முடியாத குழந்தைகளுக்கென்று இருக்கும் பள்ளியின் பெயரை ஒரு சீட்டில் எழுதியும் கொடுத்தார். வீட்டில் என் மகள் ஓயாமல் பேசுவாள் என்று நான் தமிழில் சொன்னேன். டீச்சர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துத் தலையாட்டினார். அவருக்கு என்ன புரிந்ததோ தெரியாது.

அந்த நாட்களில்தான் அந்தப் படத்தின் இரண்டாம் பாகம் வந்தது. முதல் படத்தைப் பார்த்துக் குழந்தைகள் பயந்துவிட்டார்கள் என்று படம் எடுத்த நாட்டிலேயே புகார் வந்ததாம். அதனால் இந்த முறை குழந்தைகளுக்காகவே எடுத்திருக்கிறார்களாம். என் கணவர் பேப்பரில் படித்துவிட்டு, "இதுல ரத்தமே கிடையாதாம்" என்றார். "முதல்ல போனதும் உங்க பேச்சைக் கேட்டுத்தான்" என்று நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். முடிவு செய்தது பூரணிதான். பஸ்ஸில் போகும்போது பச்சையும் மஞ்சளுமாக ஒட்டியிருந்த போஸ்டரைப் பார்த்தவள், வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியபின் சொன்னாள்: "அம்மா, அவரு இப்ப சிரிக்கிறாரு."

சனிக்கிழமை மதியக் காட்சி. தியேட்டர் முழுக்கக் குழந்தைகள். நான் வாசலுக்குப் பக்கமான இருக்கைகளைப் பார்த்து உட்காரவைத்தேன். விளக்கு அணைந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் படத்தில் இருட்டே வரவில்லை. வில்லன் ஒரு கோமாளி. அவனுடைய இயந்திரம் வெடித்தால் சோப்பு நுரை கொட்டியது. வீரன் நுரையில் வழுக்கி விழுந்தான், எழுந்து தன்னைப் பார்த்துத் தானே சிரித்தான். பூரணியின் கை என் கையிலிருந்து மெல்ல நழுவியதை நான் கவனிக்கவில்லை.

பிறகு அந்தக் காட்சி வந்தது. வீரன் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு நிற்கிறான். பின்னால் வில்லன் பெரிய வலையோடு பூனைபோல நடந்து வருகிறான். குழந்தைகளெல்லாம் "ஹிந்தே நோடு! ஹிந்தே!" என்று கத்தின. அந்தக் கூச்சலுக்கு மேலே ஒரு குரல் எழுந்தது.

"பின்னாடி! பின்னாடி பாரு!"

பூரணி இருக்கைமேல் ஏறி நின்றிருந்தாள். மூன்று வருடமாக நான் வேண்டிக்கொண்டிருந்த குரல். ஆனால் என் கை என்ன செய்தது தெரியுமா? பாய்ந்துபோய் அவள் வாயைப் பொத்தியது. திண்டுக்கல்லில் நானும் என் தங்கையும் திரையிலிருந்த கதாநாயகனுக்குத் தொண்டை வற்ற எச்சரிக்கை கொடுத்தவர்கள். ஒருவரும் எங்களைத் திரும்பிப் பார்த்ததில்லை. இங்கே முன்வரிசையில் ஒருவர் திரும்பினார். கனத்த மீசைக்காரர்.

"பிடி, அம்மா. பிடி" என்றார்.

கன்னடத்தில் அதற்கு 'விடுங்கள்' என்று பொருள். எனக்கும் தெரிந்த சொல்தான். ஆனால் பயந்துபோன காது தமிழில்தான் கேட்கிறது. பிடிக்கச் சொல்கிறார், சத்தம் போடாமல் அடக்கச் சொல்கிறார் என்று நினைத்து இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அவர் எழுந்து, கையை நீட்டி, குரலை உயர்த்தினார். "அய்யோ, பிடி அம்மா! மக்கள சினிமா, கூகலி பிடி!" என் கணவர் என் மணிக்கட்டைப் பற்றினார். "கையை எடு. விடச் சொல்றாருடி. குழந்தைங்க படம்தானே, கத்தட்டுமேங்கிறாரு."

கையை எடுத்தேன். பூரணியின் கன்னத்தில் என் விரல்கள் பதிந்திருந்தன. அவள் அழவில்லை. உட்கார்ந்து, உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள். திரையில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். முதல் தடவை பயத்தில் சொன்னேன், இந்தத் தடவை என் கையாலேயே மூடிவிட்டேன். டீச்சர் கொடுத்த சீட்டு கண்முன் வந்தது.

மீசைக்காரரின் மகள், ரெட்டைச் சடை போட்டவள், இருக்கையில் பின்பக்கமாக முட்டிபோட்டுப் பூரணியைப் பார்த்தாள். "ஏனந்தே?" என்று கேட்டாள். என்ன சொன்னாய் என்று. பூரணி என் முகத்தைப் பார்த்தாள். சொல்லலாமா என்று கேட்பதுபோலப் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

"சொல்லு, பாப்பா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த ஊரில் வீட்டுக்கு வெளியே முதல்முறையாக உரக்கத் தமிழில் சொன்னேன்: "அம்மா சொல்றேன்ல, சத்தமா சொல்லு!"

நாலைந்து பேர் திரும்பினார்கள். எனக்கு வியர்த்தது. அவர்கள் மறுபடி திரையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்கள்.

"பின்னாடி" என்றாள் பூரணி.

"பின்னாடி" என்று அந்தப் பெண் சொல்லிப் பார்த்துச் சிரித்தாள். "நாவு ஹிந்தே அந்தீவி." நாங்கள் ஹிந்தே என்போம் என்றாள். பூரணி உதட்டை மட்டும் அசைத்து அதைச் சொல்லிப் பார்த்தாள். கடைசிச் சண்டையில் வில்லன் மறுபடி பதுங்கி வந்தபோது இரண்டும் சேர்ந்து கத்தின. அதில் தமிழ் எது, கன்னடம் எது, யார் எதைக் கத்தினார்கள் என்று பிரிக்க முடியவில்லை. என் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த வருடம் பூரணி வாய்மொழித் தேர்வில் பேசினாள். கொஞ்சமாகத்தான். ஆனால் அது போதுமானதாக இருந்தது. அதைவிட எனக்கு மறக்காமல் இருப்பது அன்று படம் முடிந்தபின் நடந்தது. தியேட்டர் வாசலில் அந்தப் பெண்ணும் பூரணியும் நுரையில் வழுக்கி விழுவதுபோல நடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பஸ் வந்துவிட்டது. என் கணவர் ஓடிப்போய்ப் படியில் ஒரு காலை வைத்து நிறுத்தினார். கூப்பிட வேண்டும். எந்த மொழியில் என்று ஒரு கணம் தயங்கிவிட்டு, "பூரணி!" என்று பெயரை மட்டும் சொன்னேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "பர்த்தீனி!" என்றாள், மணிபோல.

வருகிறேன் என்று பொருள். கன்னடத்தில், நம் தமிழில் உள்ளதுபோலவே, கூப்பிட்டவரிடம் ஓடி வரும்போதும் அதைத்தான் சொல்கிறார்கள், விடைபெற்றுப் போகும்போதும் அதைத்தான் சொல்கிறார்கள். அவள் சொன்னது எனக்கா, அந்தப் பெண்ணுக்கா என்று தெரியாமல், பஸ்ஸுக்கும் தியேட்டர் படிக்கும் நடுவில், இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றேன்.